உதவித்தொகைக்குத் தனி மதிப்பெண் எதற்கு?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த வாரத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்துக் காலனிகளில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரே கேள்விதான். "அண்ணா, மார்க்கு கம்மியா வந்தா ஸ்காலர்ஷிப் கிடையாதாமே, மெய்தானா?" கேட்பது பெரும்பாலும் பிள்ளை இல்லை, அம்மா. ஷூ கம்பெனியிலிருந்து திரும்பி, சாப்பாட்டுப் பையைக்கூட இறக்கி வைக்காமல் வாசலிலேயே நின்று கேட்பார். யார் சொன்னது என்று திருப்பிக் கேட்டால் தெளிவான பதில் வராது. கம்ப்யூட்டர் சென்டரில் சொன்னார்கள், காலேஜில் சொன்னார்கள், பக்கத்துத் தெருப் பையனுக்கு வரவில்லையாம்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் என்று எதுவும் இல்லை. சாதிச் சான்று வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முந்தைய படிப்பில் தேர்ச்சி பெற்று, அங்கீகாரம் உள்ள படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் 600-க்கு 580 எடுத்தவரும், பாடத்துக்கு 35 வீதம் 210 எடுத்துக் கரையேறியவரும் இந்த உதவித்தொகைக்கு ஒன்றுதான்.

இந்தத் தோல் பகுதியில் அந்த வதந்திக்கு ஒரு விலை உண்டு. வேறு மாவட்டத்தில் கல்லூரியில் சேராத பிள்ளை வீட்டில் இருக்கும், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று காத்திருக்கும். இங்கே மறுநாள் காலையிலேயே ஊர் முனையில் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. பதினெட்டு வயது முடிந்திருந்தால் போதும். அப்பர் தைக்க, பசை தடவ, பேக்கிங் செய்ய ஆள் எடுப்பார்கள். அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் இங்கே ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன. ஆனால் சுண்ணாம்புக் குழியில் தாத்தா நின்றார், டிரம்மில் அப்பா நிற்கிறார், தையல் லைனில் அம்மா உட்கார்ந்திருக்கிறார் என்ற வரிசையில் நான்காவதாக ஒரு பெண் சேர்வதற்கு, யாரோ போகிற போக்கில் சொன்ன ஒரு தவறான தகவல் காரணமாக இருக்கக் கூடாது.

இங்கே வருமான வரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணவனும் மனைவியும் கம்பெனிக்குப் போய் ஆளுக்கு மாதம் 10,500 ரூபாய் வாங்கினால் ஆண்டுக்கு 2,52,000. இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசத்தில் அவர்கள் அரசின் கணக்கில் ஏழைகள் இல்லை என்றாகிறது. 2013-ல் வைத்த வரம்பு இது. அதற்குப் பிறகு அரிசி விலை எங்கே போனது, பஸ் கட்டணம் எங்கே போனது என்று நான் சொல்லத் தேவையில்லை. அது தனிக் கட்டுரைக்கான விஷயம். இப்போது மதிப்பெண்ணுக்கு வருவோம்.

வதந்திக்கு வேர் உண்டு

போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் மதிப்பெண் வரம்பு இல்லை என்றால் இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது? சும்மா வரவில்லை. அந்தத் திட்டத்தைச் சுற்றி கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வேறு பல வேலிகள் போடப்பட்டிருக்கின்றன. மக்கள் வேலியைப் பார்த்திருக்கிறார்கள். அது எந்த நிலத்தைச் சுற்றிப் போட்டது என்பதில்தான் குழப்பம்.

பொறியியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் பட்டியல் சாதி மாணவர் கணக்கு, இயற்பியல், வேதியியலில் தேர்ச்சி பெற்றிருந்தாலே கலந்தாய்வுக்குப் போகலாம். விண்ணப்பக் கையேட்டில் 'வெறும் தேர்ச்சி' என்றே இருக்கும். இப்போது அந்தப் பாடங்களில் சராசரி 40 சதவீதம் வேண்டும். இது உதவித்தொகை விதி இல்லை, சேர்க்கை விதி. ஆனால் சேர்க்கை இல்லாதவருக்கு ஏது உதவித்தொகை?

அதைவிடப் பெரிய வேலி 2018-ல் வந்தது. கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும். 2012 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அரசாணை 92-ஐ வெளியிட்டது. சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்துவம் தழுவிய ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது அந்த ஆணை. தலித் இயக்கங்களும் மாணவர்களும் நெடுநாள் கேட்டு வந்தது அது. நம் பகுதியில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பொறியியல் கல்லூரி வாசலை மிதித்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. கூலிக்குப் போகிற வீடுகளில் சுவரில் பட்டமளிப்புப் புகைப்படம் மாட்டியிருப்பதைப் பார்க்கிறோமே, அதில் பல படங்கள் அந்த ஆண்டுகளைச் சேர்ந்தவை.

சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் 65 சதவீத இடங்கள், சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50 சதவீத இடங்கள், அரசுக் கலந்தாய்வுக்குப் போகும். மீதி நிர்வாக ஒதுக்கீடு, அதாவது மேனேஜ்மென்ட் கோட்டா. பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் நன்கொடை கொடுத்து வாங்குகிற இடம் என்றுதான் வெளியில் பெயர். ஆனால் இடம் நிரம்பாத கல்லூரிகளின் கதை வேறு. அவர்கள் ஆட்களை அனுப்பி நம் காலனிகளில் பிள்ளை பிடித்தார்கள். "ஒரு பைசா கட்ட வேணாம், எல்லாம் கவர்ன்மென்ட் கட்டிடும்" என்று சான்றிதழை வாங்கிக்கொண்டு போனார்கள். சேர்ந்த பிள்ளைக்குத் தான் எந்தக் கோட்டாவில் சேர்ந்தோம் என்பதே தெரியாது.

2018-ல் மத்திய சமூகநீதி அமைச்சகம் போஸ்ட் மெட்ரிக் விதிகளைத் திருத்தியது. தகுதி அடிப்படையில் வெளிப்படையாக நடக்காத நிர்வாக ஒதுக்கீட்டுச் சேர்க்கைக்கும் ஸ்பாட் அட்மிஷனுக்கும் உதவித்தொகை இல்லை என்றது. அதே 2018-ல்தான் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கலந்தாய்வு முதன்முறையாக ஆன்லைனுக்கு மாறியது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத, குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்க வருகிற பிள்ளை, விருப்பப் பட்டியலைப் பூட்டத் தெரியாமல் தவறவிட்டால், அடுத்து இருப்பது நிர்வாக ஒதுக்கீடுதான். அந்தக் கதவும் அதே ஆண்டு சாத்தப்பட்டது.

நர்சிங்கிலும் இதே கதை. வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைப் பார்த்து வளர்ந்த நம் பெண்களுக்கு நர்சிங் என்றால் தனி ஆசை. கலந்தாய்வில் இடம் கிடைக்காத பெண் தனியார் நர்சிங் கல்லூரியில் நேரடியாகச் சேர்ந்தால், கட்டணம் முழுக்கத் தன் தலையில். நகையை அடகு வைத்து முதல் ஆண்டு கட்டிவிட்டு, இரண்டாம் ஆண்டு கட்ட முடியாமல், சான்றிதழையும் திரும்ப வாங்க முடியாமல் வீட்டுக்கு வந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். இப்போது அவள் கம்பெனி பஸ்ஸில் போகிறாள்.

இங்கே ஒரு கேள்வி. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவரைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்கிறது. தேர்வு எழுத விடுகிறது. அதே பட்டத்தைக் கொடுக்கிறது. பணம் கட்ட முடிந்தவருக்கு அந்த வழியில் எந்தத் தடையும் இல்லை. 'தகுதி' என்ற சோதனை, பணம் இல்லாதவர் உதவி கேட்கும்போது மட்டும் எழுந்து நிற்கிறது. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன். ஒரு படிப்பில் சேர எந்தத் தகுதி போதுமோ, அந்தப் படிப்புக்கான உதவித்தொகைக்கும் அதுவே போதும். கல்லூரி சேர்த்துக்கொண்ட பிறகு உதவித்தொகை தனியாக ஒரு தேர்வு வைக்கக் கூடாது.

மேலே போகப் போக

உயர்கல்வியின் மேல் படிகளில் வேலி இன்னும் உயரம். வெளிநாட்டில் முதுகலையும் ஆய்வும் படிக்க மத்திய அரசு தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு, தகுதிப் பட்டத்தில் 60 சதவீத மதிப்பெண் வேண்டும். நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 இடம்தான். இதில் உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் இருக்கும் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கியிருக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. 2022-ல் இன்னொன்றும் வந்தது. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்கு இந்தப் பணம் கிடையாது. சாதியைப் பற்றி ஆராய வெளிநாடு போக நினைக்கும் தலித் மாணவர் 90 சதவீதம் எடுத்திருந்தாலும் பயனில்லை. மதிப்பெண்தான் கவலை என்றால் இந்த விதி எதற்கு?

உள்நாட்டில் முனைவர் பட்ட ஆய்வுக்கு 2005-06-ல் ராஜீவ் காந்தி பெயரில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான உதவித்தொகை தொடங்கியது. அன்று முதுகலைப் பட்டமும் ஆய்வுப் பதிவும் இருந்தால் விண்ணப்பிக்கலாம், நெட் தேர்வு தேவையில்லை. நெட் எழுதித் தேற முடியாத, ஆனால் ஆய்வு செய்யக்கூடிய மாணவர்களுக்காகவே அப்படி ஒரு வழி வைத்தார்கள். பிற்பாடு விதி மாறியது. இன்று அந்தத் தொகை நெட் தேர்வின் தரவரிசை வழியாகத்தான் கிடைக்கிறது. மாதம் 37,000 ரூபாய் என்பது நம் வீடுகளில் ஒரு குடும்பமே நிமிர்ந்து உட்காரும் பணம். அதற்கான வழி சுருங்கிவிட்டது.

தமிழில் முதுகலை படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நெட் தேர்வில் இரண்டு தாள். இரண்டாம் தாள் அவரவர் பாடம், தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே வரும். முதல் தாள் எல்லோருக்கும் பொது, 50 கேள்வி, 100 மதிப்பெண். அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் இருக்கும். சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்யப் போகிற குடியாத்தத்து மாணவி, தான் அதற்குத் தகுதியானவள் என்பதை ஆங்கிலத்தில் நிரூபிக்க வேண்டும். அரசு ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் படித்து வந்தவளுக்கு அந்த ஒரு தாளில் போகிற பத்துப் பதினைந்து மதிப்பெண்ணில் ஐந்து ஆண்டு ஆய்வு போகிறது. இந்தி வழியில் படித்தவருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

282 மதிப்பெண்

1907-ல் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் மகார் சாதியைச் சேர்ந்த ஒரு மாணவர் மெட்ரிக் தேறினார். மொத்தம் 750. அவர் எடுத்தது 282. சதவீதத்தில் 37.6. இன்றைய பிளஸ் டூ கணக்கில் 600-க்கு 226 மதிப்பெண்ணுக்குச் சமம். அந்தச் சதவீதத்தோடு இன்று பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தால் 40 இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்த மாணவரைப் பாராட்ட நடந்த கூட்டத்துக்கு வந்திருந்த கேளுஸ்கர் என்ற ஆசிரியர், பிற்பாடு பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டிடம் அவரைப் பற்றிச் சொன்னார். கல்லூரிப் படிப்புக்கு மாதம் 25 ரூபாய் கிடைத்தது. பி.ஏ. முடித்த பின் 1913-ல் மன்னர் அவரை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். மாதம் பதினொன்றரை பவுன் வீதம் மூன்று ஆண்டு. அந்தப் பணம் நின்றபோது, 1917-ல், லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டி வந்தது. மறுபடி பணம் திரட்டிக்கொண்டு 1920-ல் போனார். 1923-ல் லண்டன் பொருளியல் பள்ளியின் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, நம் ஊர் முனைகளில் நீலக் கோட்டோடு சிலையாக நிற்கிறார்.

அண்ணல் எவ்வளவு படித்தார் என்று மேடையில் பேசுகிறோம். எத்தனை பட்டம் என்று சுவரில் எழுதுகிறோம். மெட்ரிக்கில் எவ்வளவு எடுத்தார் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். வகுப்பறையில் தனியாகக் கோணி விரித்து உட்கார வைக்கப்பட்ட, தண்ணீரைக்கூடத் தானே மொண்டு குடிக்க அனுமதி இல்லாத பையனின் 282 அது. பரோடா மன்னர் மதிப்பெண் சதவீதத்துக்குக் கோடு கிழித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் இந்த நாட்டின் சட்ட அமைச்சர் வேறு யாரோ.

அம்பேத்கர் 1942-ல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும், ஒடுக்கப்பட்ட வகுப்பு மாணவர்களின் உயர்கல்விக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று எழுதிக் கேட்டார். 1944-ல் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. சுதந்திரத்துக்கு முன்பே பிறந்த திட்டம் இது. அதன் நோக்கம் கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பரிசு கொடுப்பது இல்லை. படிப்பு மறுக்கப்பட்ட கூட்டத்துக்குப் படிப்பை எட்ட வைப்பது. பிற்பாடு எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டத்தின் 46-வது பிரிவும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் கல்வி நலனில் அரசு தனிக் கவனம் செலுத்த வேண்டும் என்றுதான் சொல்கிறது. அதில் மதிப்பெண் பற்றிப் பேச்சே இல்லை.

'நம்ம பசங்களுக்குக் கட்டுப்பாடு வேணாமா?'

இதை எதிர்த்தரப்பு கேட்டால் பதில் சொல்வது எளிது. நம் பெரியவர்களே கேட்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னார், "சும்மா வர்ற பணம்னு பசங்க பொறுப்பு இல்லாம திரியறானுங்க. ஒரு அம்பது மார்க்காவது வெச்சாத்தான் படிப்பானுங்க." அவர் நல்லெண்ணத்தில் சொல்கிறார். லேபர் ஸ்கூலில் படித்து, தெருவிளக்கில் உட்கார்ந்து முன்னுக்கு வந்தவர். தன்னால் முடிந்தது இவர்களால் முடியாதா என்ற கோபம் அவருடையது.

ஆனால் கட்டுப்பாடு ஏற்கெனவே இருக்கிறது. உதவித்தொகை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும், அதற்கு அடுத்த ஆண்டுப் படிப்புக்குப் போயிருக்க வேண்டும். வருகைப் பதிவு வேண்டும். இதற்கு மேல் தனியாக ஐம்பது, அறுபது என்று கோடு போட்டால், பொறுப்பில்லாமல் திரிகிற பையனைவிட முதலில் அடிபடுவது, இரண்டாம் ஷிப்டுக்குப் போய்க்கொண்டே படிக்கிற பையன். சீசனில் ஆர்டர் அதிகமாகும்போது அம்மா ஓவர்டைம் பார்ப்பதால் தம்பி தங்கைக்குச் சமைத்துப் போட்டுவிட்டுக் கல்லூரிக்கு ஓடுகிற பெண். அவளுடைய 48 சதவீதத்தையும், மாடியில் ஏ.சி. அறையில் டியூஷன் படித்தவரின் 48 சதவீதத்தையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா?

மதிப்பெண்ணில் ஊருக்கும் பங்கு உண்டு. 2024 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ்நாட்டிலேயே கடைசி இடம் வேலூர் மாவட்டத்துக்கு. தேர்ச்சி 82.07 சதவீதம். முதலிடம் பெற்ற அரியலூர் 97.31 சதவீதம். அரியலூர்ப் பிள்ளைகளுக்கு மூளை அதிகமா? அங்கேயும் ஏழைகள்தான். பதினைந்து சதவீத வித்தியாசம் பள்ளிக்கூடங்களிலிருந்தும், பாடம் நடத்தும் ஆசிரியர் இருக்கிறாரா என்பதிலிருந்தும், வீட்டில் பெரியவர்கள் பொழுது விடியும் முன் வேலைக்குக் கிளம்பிவிடுவதிலிருந்தும் வருகிறது. பள்ளிக்கூடத்தைச் சரிசெய்யாத அரசு, அந்தப் பள்ளிக்கூடம் தந்த மதிப்பெண்ணைக் காட்டி உதவியை நிறுத்தினால் அதற்குப் பெயர் தண்டனை.

மதிப்பெண் வரம்பு வைத்தால் பணம் யாரிடம் போகும் என்பதற்கு வெளியிலிருந்து ஒரு உதாரணம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1993-ல் ஹோப் என்ற கல்வி உதவித்தொகையைத் தொடங்கினார்கள். அரசு லாட்டரியில் வரும் பணம். நான்கு புள்ளிக்கு மூன்று புள்ளி சராசரி வேண்டும். தொடக்கத்தில் குடும்ப வருமான வரம்பும் இருந்தது. 1995-ல் வருமான வரம்பை எடுத்துவிட்டார்கள், மதிப்பெண் வரம்பு நின்றது. 2011-ல் நிதி போதவில்லை என்று, முழுக் கட்டணம் வேண்டுமானால் 3.7 புள்ளி எடு என்று உயர்த்தினார்கள். லாட்டரிச் சீட்டு வாங்குவதில் ஏழைகள், கறுப்பின மக்கள் அதிகம், அந்தப் பணத்தில் படிப்பது எப்படியும் கல்லூரிக்குப் போகக்கூடிய வசதியான வீட்டுப் பிள்ளைகள் என்பது அங்கே ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை. கோடு உயர உயர, உதவி தேவைப்படாதவரை நோக்கிப் பணம் நகர்கிறது.

ஜார்ஜியா கதையில் இன்னொன்றையும் கவனியுங்கள். கோட்டை உயர்த்தச் சொன்னது கல்விக் காரணம் எதுவும் இல்லை, கஜானா. நம் நாட்டிலும் அப்படித்தான். 2018-ல் விதிகள் இறுகிய காலத்தில், போஸ்ட் மெட்ரிக் செலவில் மத்திய அரசு எவ்வளவு, மாநிலம் எவ்வளவு என்ற இழுபறியும் நடந்துகொண்டிருந்தது. பல மாநிலங்களில் பாக்கி சேர்ந்து, கல்லூரிகள் மாணவர்களின் கழுத்தைப் பிடித்தன. 2020 டிசம்பரில்தான் மத்திய அமைச்சரவை 60-க்கு 40 என்ற பங்கீட்டை ஏற்று, ஐந்து ஆண்டுக்கு மொத்தம் 59,048 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நிதி இறுகும்போதெல்லாம் 'தகுதி' என்ற சொல் பெட்டியிலிருந்து வெளியே வரும்.

முறைகேடு நடக்கிறதே என்பார்கள். நடந்தது உண்மை. இமாச்சலப் பிரதேசத்தில் 250 கோடி ரூபாய் அளவுக்கு உதவித்தொகை முறைகேடு என்று 2019-ல் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. மாணவர்கள் பெயரில் தனியார் கல்வி நிறுவனங்கள் பணம் எடுத்ததாகத்தான் குற்றச்சாட்டு. நம் பக்கத்தில் ஆள் பிடித்த கல்லூரிகளும் தொண்டு செய்ய வரவில்லை. அந்தக் கல்லூரிகளின் அங்கீகாரத்தைப் பறிக்கட்டும், உரிமையாளரைச் சிறையில் போடட்டும். விதியைத் திருத்தியபோது தெருவுக்கு வந்தது மாணவர்.

மதிப்பெண் கேட்காமல் கொடுத்தால் கெட்டுப்போகும் என்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்காக வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாய் தருகின்றன. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தாயா என்று கேட்கின்றனவே தவிர எத்தனை மார்க் என்று கேட்பதில்லை. அந்த ஆயிரம் ரூபாயில் பஸ்ஸுக்குப் போகிறது, தேர்வுக் கட்டணத்துக்குப் போகிறது. இதோடு ஒப்பிட்டால், வீட்டிலிருந்து போய்வரும் பி.ஏ. மாணவருக்குப் போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் வரும் படி ஆண்டுக்கு 3,000 ரூபாய், மாதம் 250. உயர்த்த வேண்டியது இந்தத் தொகையை.

மாணவர்கள் செய்ய வேண்டியது

கல்லூரியில் சேரும் முன், கலந்தாய்வு இடமா, நிர்வாக இடமா என்று நேராகக் கேளுங்கள். வாயால் சொல்வதை நம்ப வேண்டாம், சேர்க்கைக் கடிதத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஆள் பிடிக்க வருகிறவரிடம் அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள்.

வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று வங்கிக்கே போய்க் கேளுங்கள். உங்களுக்கு வர வேண்டிய பணம் வேறு கணக்கில் போய் நிற்பது இங்கே அடிக்கடி நடக்கிறது. மத்திய அரசின் பங்கு நேராக உங்கள் கணக்குக்கு வரும். அதில் கல்லூரிக் கட்டணமும் சேர்ந்திருக்கும், வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டால் பிறகு கல்லூரியில் தலைவலி.

கிறித்துவம் தழுவிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கு மத்திய அரசுப் பட்டியலில் இடமில்லை என்றாலும் மாநில அரசு தன் நிதியிலிருந்து தருகிறது. நமக்கு இல்லை என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் வீடுகளை வேலூர்ப் பக்கம் நிறையப் பார்க்கிறேன்.

அரியர் விழுந்தால் பயந்து நின்றுவிட வேண்டாம். பெரும்பாலான கலை, அறிவியல் கல்லூரிகளில் அரியர் இருந்தாலும் அடுத்த ஆண்டுக்குப் போகலாம். அரியர் என்பது வேறு, அதே ஆண்டில் நின்றுபோவது வேறு. நம் பிள்ளைகளை அதிகம் கவிழ்ப்பது வருகைப் பதிவு. சீசன் வேலைக்கு ஒரு மாதம் போய்வரலாம் என்று நினைத்து 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுத விட மாட்டார்கள். கம்பெனிக்குப் போவதானால் கோடை விடுமுறையில் போங்கள்.

மார்க் போதாது என்று சொல்லி யாராவது போஸ்ட் மெட்ரிக் விண்ணப்பத்தை வாங்க மறுத்தால், அதை எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள், விண்ணப்பத்தை வாங்கிக்கொள்வார்கள். அப்படியும் மறுத்தால் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு மனு எழுதுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். 2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் பலர் இன்னும் பழக்கத்தில் சத்துவாச்சாரிக்குப் பஸ் ஏறி ஒரு நாள் கூலியை விட்டுவிடுகிறார்கள். அவர்கள் போக வேண்டியது திருப்பத்தூர் ஆட்சியர் அலுவலகம். மேல்விஷாரம், ஆற்காடு, வாலாஜா பக்கம் இருப்பவர்களுக்கு ராணிப்பேட்டை. பேரணாம்பட்டு, குடியாத்தம், காட்பாடி மட்டும் வேலூர்.